உன் அம்மா உட்கார்ந்த உயரம்

அன்பு மகனுக்கு அத்தா எழுதுவது. நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. நீ நலம் என்பது ஞாயிற்றுக்கிழமை போனிலேயே தெரிந்துவிட்டது. உன் குரலில் கல்யாணக் களை இருந்தது. இங்கே நாங்கள் நலமா என்பதுதான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டிய விஷயம். வீட்டிலிருந்து பேசினால் பக்கத்திலேயே உன் அம்மா நிற்கிறாள். கடையிலிருந்து பேசலாம் என்றால் எதிரே யாராவது சீட் கவருக்கு அளவு கொடுத்துக்கொண்டு நிற்கிறார்கள். கோரிப்பாளையம் சந்தடியில் நான் கத்திச் சொல்கிற விஷயமும் இல்லை இது. அதனால் கடையின் பின்பக்கம், வெட்டிப்போட்ட ஸ்பாஞ்சுகளுக்கும் ரெக்சின் சுருள்களுக்கும் நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன். இத்தனை வருடம் தையல் ஊசி பிடித்த கை, பேனா பிடித்தால் சீக்கிரம் அலுத்துவிடுகிறது. கை மட்டும் இல்லை, ஆளே அலுத்துத்தான் போயிருக்கிறேன்.

நிக்காஹ் முடிந்ததும் திண்டுக்கல்லிலிருந்து மருமகளை நம் காரிலேயே அழைத்து வர வேண்டும் என்று நீ ஆசைப்பட்டாய். நீ படிக்கிற காலத்தில் ஆனையூர் வீட்டுக் கொட்டகையில் உன் கையாலேயே கட்டிய கார், ஆசை நியாயம்தான். அதற்குள் இடதுபக்கச் சீட்டில் உட்காரப்போகும் அந்தப் பிள்ளையின் எடைக்குத் தகுந்தபடி காரின் உயரத்தை வைத்து, பள்ளத்தில் கார் தானாகத் திரும்புமே, அந்த பம்ப் ஸ்டியரையும் ஒருதரம் சரிபார்த்துவிடச் சொன்னாய். நானும் சரி சரி என்றேன். ஆனால் செய்யவில்லை. அம்மாவுக்கு லேசாக வயிற்றுக் கோளாறு என்று உன்னிடம் சொன்னேனே, அது பாதிதான். வயிற்றில் கட்டி இருக்கிறது. அறுத்து எடுக்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் கல்யாணம் முடியாமல் என் உடம்பில் கத்தி வைக்க விடமாட்டேன் என்று அவள் சாதிக்கிறாள். உனக்குத் தெரியக் கூடாது என்று என்னிடம் வாக்கும் வாங்கிக்கொண்டாள். கல்யாணத்துக்கு இன்னும் முழுசாக ஒரு மாதத்துக்கு மேல் கிடக்கிறது. அவ்வளவு நாள் இதை வயிற்றில் வைத்துக்கொண்டு அவளும், வாயில் வைத்துக்கொண்டு நானும் இருக்க முடியாது. அதனால் வாக்கை மீறுகிறேன். காரைப் பற்றி எழுதினால்தான் இதை எழுத வருகிறது, பொறுத்துக்கொண்டு படி.

முதலில் ஒன்று கேட்கிறேன். மருமகளின் எடையை நான் யாரிடம் கேட்பது? சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டு, உங்கள் மகள் எத்தனை கிலோ என்று ஒரு மாமனார் விசாரித்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? ஆளைச் சீட்டில் உட்கார வைத்துவிட்டால் ஸ்பாஞ்ச் அமுங்குவதை வைத்தே ஓரளவு சொல்லிவிடுவேன். அது உனக்கும் தெரியும், சின்ன வயதில் கடைக்கு வருகிறவர்களை வைத்து நீயும் நானும் பந்தயம் கட்டியிருக்கிறோம். ஆனால் பெண் பார்க்கப் போன அன்று அந்தப் பிள்ளை உட்கார்ந்தது பிரம்பு நாற்காலியில். பிரம்பு நாற்காலி யார் உட்கார்ந்தாலும் ஒன்றும் சொல்லாது. உன் அம்மாவிடம் இதைச் சொன்னபோது வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அந்தக் கார் முதல்முதலில் எப்படி இருந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். ஏதோ ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைப் படத்தைக் கொட்டகைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு, அதே மாதிரி தரையோடு தரையாக இருக்க வேண்டும் என்றாய். ஃபைபர் உடம்பைக் கோயம்புத்தூரிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தாய். மோதி நசுங்கிய ஒரு பழைய சின்னக் காரிலிருந்து எஞ்சினும் சக்கரங்களும் வந்தன. பக்கத்துத் தெருவில் லேத் வைத்திருக்கும் துளசிராம் குழாய்களை வளைத்து, ஒட்டி, சட்டம் போட்டுக்கொடுத்தான். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவன், கோபம் வந்தால் மட்டும் நமக்குப் புரியாமல் இருக்க அதில் திட்டுவான். உன் காரைக் கட்டி முடிப்பதற்குள் நமக்கே அதில் பாதி புரிய ஆரம்பித்துவிட்டது. நான் செய்தது சீட் மட்டும். கார் ஓடிய முதல் நாளே ஆனையூர் முக்கு வேகத்தடையில் அதன் வயிறு உரசி நின்றது. தெருவே கூடித் தூக்கிவிட்டது. நீ அசரவில்லை. ரோட்டைத்தான் குறை சொன்னாய்.

உன் அம்மாவை உட்கார வைத்த அன்றுதான் எனக்கு மனசு கேட்கவில்லை. முழங்கால் வலிக்காரி. கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கி இறங்கி, கடைசியில் பொத்தென்று விழுந்தாள். "இது காரா, பாயா? உக்காந்தா எந்திரிக்க ஒரு ஆளு வேணும்போல" என்றாள். நாம் எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். நான் மட்டும் அதை மனசில் வைத்துக்கொண்டேன். நீ பரீட்சைக்காக விடுதியில் தங்கியிருந்த நாட்களில், துளசிராமை விட்டு ஸ்பிரிங்குக்கு அடியில் கனமான வளையங்களைக் கொடுத்துக் காரைத் தூக்கிவிட்டேன். நான் சீட்டுக்காரன். ஆள் சௌகரியமாக உட்கார்ந்து எழுந்தால் வண்டி சரியாக இருக்கிறது என்று நினைக்கிற புத்தி எனக்கு. உன்னிடம் கேட்கவில்லை. அதைவிட, உன் அம்மாவிடமும் கேட்கவில்லை. பிற்பாடு ஒருநாள் சொன்னாள், பாய் மாதிரி இருக்கிறது என்று கேலிதான் செய்தாளாம், தூக்கச் சொல்லவே இல்லையாம்.

அதற்கப்புறம் வாடிப்பட்டியில் உன் பெரியம்மா வீட்டுக்கு அவளை அந்தக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். அவளும் சௌகரியமாக ஏறி உட்கார்ந்துகொண்டாள், எனக்கும் பெருமையாக இருந்தது. ஊர் நெருங்கும்போது ரோட்டில் ஒரு பள்ளம். முன்சக்கரம் இறங்கி ஏறியது. ஸ்டியரிங்கை நான் நேராகத்தான் பிடித்திருந்தேன், ஆனால் கார் தானாக வலதுபக்கம் திரும்பியது. எதிரே லாரி. நான் ஒடித்த ஒடிப்பில் இந்தப் பக்கம் வந்து, மண்ணில் இறங்கி, வாய்க்கால் ஓரத்துப் புளியமரத்தை ஒட்டி நின்றது. உன் அம்மா கையை முன்னால் ஊன்றியிருந்தாள், மணிக்கட்டு முறிந்துவிட்டது. வலியில் அழவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "லாரிக்காரரு போயிட்டாரா, அவருக்கு ஒண்ணுமில்லல்ல" என்றுதான் கேட்டாள். இன்றைக்கும் அந்த ரோட்டில் போனால் அந்த மரத்தை நான் பார்க்க மாட்டேன்.

நீ வந்து காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தாய். நீ கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல அத்தா" என்றாய், அவ்வளவுதான். அதன் பிறகு பேச்சு நின்றுவிட்டது. உன் கோபத்தில் நியாயம் இருந்தது. சக்கரத்தைத் தாங்கும் கம்பி ஒன்று, அதைத் திருப்பும் கம்பி ஒன்று. சக்கரம் பள்ளத்தில் ஏறி இறங்கும்போது இரண்டும் ஒரே வளைவில் போக வேண்டும். ஒரு மூட்டையை இரண்டு பேர் தூக்கும்போது ஒருவர் முந்திக்கொண்டால் மூட்டை திரும்பிக்கொள்வது மாதிரி, ஒரு கம்பி மட்டும் முந்தினால் சக்கரம் தானாகத் திரும்பிவிடும். அதற்குத்தான் பம்ப் ஸ்டியர் என்று பேர் என்று அப்போது நீ துளசிராமிடம் விளக்கினாய், என் காதில் விழட்டும் என்று. காரின் உயரத்தை நான் மாற்றியதும் அந்தக் கம்பிகளின் சாய்மானம் மாறிப்போயிருக்கிறது. சௌகரியத்தை மட்டும் பார்த்து ஒன்றைத் தூக்கினேன், அது எங்கோ போய் ஒன்றைத் திருப்பிவிட்டது. கல்யாணம் ஆகப்போகிற உனக்கு இதைவிடப் பெரிய புத்திமதி சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அவளுக்கு நல்லது என்று நீயாக நினைத்து எதையாவது செய்யப் போகும்போது, செய்யட்டுமா என்று அவளையே கேட்டுக்கொள்.

பிறகு காரைச் சரிசெய்தது உனக்கு மறந்திருக்காது. முதலில் உயரம், அதன் பிறகுதான் கம்பி என்றாய். அந்த உயரத்தையும் ஆள் உட்கார்ந்திருக்கும்போதுதான் வைக்க வேண்டும். துளசிராம் இடதுபக்கத்துக்கு அரிசி மூட்டையை வைக்கலாம் என்றான். மூட்டை உட்காராது, சரியும். சீட்டின் முதுகில் பாரம் கொடுக்காது என்று நான் தடுத்தேன். சரி, அம்மாவின் எடை எவ்வளவு என்று கேட்டால், கடைத்தெருவில் நின்று தன்னை நிறுத்துக் காட்ட முடியாது என்று அவள் முறைத்தாள். கடைசியில் கட்டுப் போட்ட கையோடு அவளே வந்து ஏறிக்கொண்டாள். மடியில் ஒரு முறம் நிறைய முருங்கைக் கீரை. ஒற்றைக் கையால் உருவிக்கொண்டே இருந்தாள். பழைய வளையத்துக்குப் பதிலாக, திருகி ஏற்றி இறக்கும்படி துளசிராம் மரை போட்டுக் கொடுத்த வளையத்தை நீ ஒரு சுற்றுத் திருகுவாய், நான் ஜாக்கியை இறக்குவேன், காரை ஆட்டிவிட்டு உயரத்தைப் பார்ப்போம், மறுபடி ஏற்றுவோம். அவளும் காரோடு ஏறி ஏறி இறங்கினாள். நீயும் நானும் நேருக்கு நேர் பேசவில்லை. "ஒசந்திருச்சுன்னு சொல்லும்மா" என்பாய் நீ. "எறக்கச் சொல்லு" என்பேன் நான். அவளும் கொஞ்ச நேரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "ரெண்டு பேரும் காருக்கு அடியில தலைய முட்டிக்கிட்டுத்தான கெடக்குறீங்க, நேராச் சொன்னா என்ன" என்றாள். நீதான் முதலில் சிரித்தாய்.

உன் படத்தில் இருந்த உயரமும் இல்லை, நான் தூக்கிய உயரமும் இல்லை, இரண்டுக்கும் நடுவே ஒன்று அமைந்தது. அந்த அளவுக்கு ஒரு வேப்பங்கட்டையை அறுத்து வைத்துக்கொண்டேன். அவள் உட்கார்ந்திருக்கும்போது இடதுபக்கச் சட்டத்துக்கு அடியில் உரசிக்கொண்டு நுழையும் கட்டை. அதோடு அவள் வேலை முடிந்தது. அடுத்து ஸ்பிரிங்கைக் கழற்றி, அதே உயரத்தில் சட்டத்தை முட்டுக்கொடுத்து, சக்கரக் கட்டில் பென்சிலைக் கட்டி, பலகையில் கோடு விழும்படி சக்கரத்தை ஏற்றி இறக்க வேண்டும். கோடு வளைந்தால் சக்கரம் தானாகத் திரும்புகிறது என்று அர்த்தம், கம்பி முனையில் ஒரு வாஷர் கூடவோ குறையவோ வைக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆள் உட்கார வேண்டியதில்லை, அவள் இறங்கியிருக்கலாம். கீரையும் உருவி முடித்திருந்தாள். ஆனால் இறங்கவில்லை. நாம் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுக்கொண்டே, முட்டுக்கொடுத்த காரில் சும்மா உட்கார்ந்திருந்தாள். கோடு நேராக விழுந்தபோது வெளியே சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்னார்கள். அப்போதுதான் இறங்கக் கை கொடுக்கச் சொன்னாள்.

நீ சென்னைக்கு வேலைக்குப் போன பிறகு அந்தக் கட்டை எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கே கிளம்பினாலும், அவள் ஏறி உட்கார்ந்ததும் குனிந்து கட்டையை நுழைத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன். மற்றவர்கள் டயரை உதைத்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. அவள் தலையில் அடித்துக்கொள்வாள். இந்த வருடம் நோன்புப் பெருநாளைக்கு வாடிப்பட்டிக்குக் கிளம்பினோம். கட்டை உரசவில்லை. லேசாக உள்ளே போனது. கட்டைக்கு மேல் என் விரல் ஒன்றும் சேர்ந்து போனது. வளையம் தளர்ந்திருக்கும் என்று நினைத்தேன். ஊரிலிருந்து திரும்பியதும் துளசிராமைக் கூட்டிவந்து அவளை உட்கார வைத்துப் பார்க்கச் சொன்னேன். வளையம் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. அவன் ஸ்பிரிங்கைத் தடவிப் பார்த்தான், எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான், கொட்டகைக்கு வெளியே என்னைத் தள்ளிக்கொண்டு போனான். "ஸ்பிரிங்கு பழசானா காரு எறங்கத்தாண்ணே செய்யும், ஏறாது. மதினிதான் எளச்சுப் போயிருக்காக. டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றான்.

எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். யார் யாரோ உட்கார்ந்த சீட்டைப் பார்த்து ஆளைச் சொல்கிறவன், ஒரே வீட்டில் இருப்பவள் கரைவதைப் பார்க்கவில்லை. நோன்பு வைத்ததால் இளைத்திருக்கிறாள், சுகர் மாத்திரையால் இளைத்திருக்கிறாள், மகன் கல்யாணக் கவலையில் இளைத்திருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ஸ்கேன், ரத்தம், பெரிய ஆஸ்பத்திரி, இன்னொரு ஸ்கேன். அந்த நீளமான தாழ்வாரங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு அலுத்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் பத்திரிகை வைக்கப் போக வேண்டும், பந்தலுக்குச் சொல்ல வேண்டும், வருகிறவர்களிடம் சிரிக்க வேண்டும். அவள் எல்லோரிடமும் நன்றாகத்தான் சிரிக்கிறாள். எனக்குத்தான் வரவில்லை. பயமாக இருக்கிறது. இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

போன வாரம் காரைக் கையில் எடுத்தேன். நீ கேட்டாயே என்றுதான் எடுத்தேன். இடதுபக்கம் ஏறியிருப்பதால் பள்ளத்தில் கார் மறுபடி லேசாகத் திரும்பப் பார்த்தது. பெரிதாக இல்லை, ஆனால் என் கைக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரி ரோட்டின் லட்சணம் உனக்குத் தெரியும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவள் பல்லைக் கடித்தாள். துளசிராமும் நானும் வளையத்தைக் கழுவி, எண்ணெய் விட்டு வைத்தோம். யாருக்கு வைப்பது என்ற கேள்வி வந்தபோது உன் அம்மாவே கொட்டகைக்கு வந்துவிட்டாள். "எனக்கு எதுக்கு வைக்கிறீங்க? வரப்போற புள்ளைக்கு வைங்க. அதுதான இனி உக்காரப் போகுது" என்றாள். மிகச் சாதாரணமாகச் சொன்னாள், மளிகைக்குச் சொல்கிற மாதிரி. துளசிராம் குனிந்துகொண்டு ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தான். அது அவன் கையிலேயே இருந்தது.

நான் கதவைத் திறந்தேன். "அந்தப் புள்ள இன்னும் வரல. இன்னைக்கு நீதான் இருக்க. ஏறு" என்றேன். ஏறினாள். பழைய மாதிரி பொத்தென்று விழவில்லை. நான் தைத்த சீட், அவள் உட்கார்ந்தும் அமுங்கவே இல்லை. மடியில் முறம் இல்லை, கை இரண்டையும் கோத்து வைத்துக்கொண்டாள். நாங்கள் திருகினோம், இறக்கினோம், ஆட்டிப் பார்த்தோம். அடியில் படுத்துத் திருக எனக்கு இப்போது தோள் வரவில்லை, துளசிராமுக்கு மூச்சு வாங்குகிறது. நீ இல்லாத குறை எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்திருக்கும். வேப்பங்கட்டை உரசிக்கொண்டு நுழைகிற வரைக்கும் பார்த்தோம். பிறகு பலகையை வைத்துக் கோடும் போட்டோம். நேராக விழுந்தது. இந்தத் தடவையும் கோடு விழும் வரைக்கும் அவள் இறங்கவில்லை.

ஆக, நீ சொன்னதை நான் செய்யவில்லை மகனே. நீ கேட்டது மருமகளுக்கு. நான் வைத்திருப்பது உன் அம்மாவுக்கு, இன்றைக்கு அவள் இருக்கிற எடைக்கு. மருமகளுக்கு வைக்க வேண்டும் என்றால் அவளைக் கேட்டு, உட்கார வைத்து, நீயே வைத்துக்கொள். அதற்கெல்லாம் இனி நிறைய நாள் இருக்கிறது. இப்போது லீவு சொல்லிவிட்டுக் கிளம்பி வா. கல்யாணத்தைத் தள்ளி வைத்தால் தள்ளி வைப்போம், சம்பந்தியிடம் நான் பேசிக்கொள்கிறேன். கத்தி வைக்க விடமாட்டேன் என்கிறவளிடம் நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன், உன் சொல்லைத்தான் கேட்பாள். கேட்கவில்லை என்றாலும் கதவைத் திறந்து ஏறச் சொல், நீ ஓட்டினால் மறுக்க மாட்டாள். அந்தக் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. பள்ளத்தில் ஆடாது, நேராகப் போகும், நான் பார்த்துவிட்டேன். அவள் இன்னும் இளைத்து, அந்த வளையத்தை நான் இன்னொரு தடவை இறக்க வேண்டி வருவதற்குள் வந்துவிடு.